யார் வெட்டிய காடு?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் வரும்போது, அவர் பெயரால் ஒரு சிறுநூல் அச்சாகி உறவினர் கைகளுக்கு வந்துசேரும். கல்வெட்டு என்றும், நினைவு மலர் என்றும் அதனை வழங்குகிறோம். முகப்பிலே படம், உள்ளே தேவார திருவாசகங்கள், அதன் பின் குலமுறை, அதற்கும் பின்னர் வாழ்க்கை வரலாறு. இவ்வரலாற்றை எழுதுபவர் பெரும்பாலும் ஊர்ப் பாடசாலையில் படிப்பித்த ஒருவராக இருப்பார். இவை இலக்கியமாகா என்று நம் விமர்சகர்கள் இதுவரை திரும்பியும் பார்த்ததில்லை. ஆயினும் ஈழத்துத் தமிழரின் வீடுகளில் மிகுதியாகப் பேணப்பட்டு வரும் வாழ்க்கை வரலாறு இதுதான். இன்று இணையவழியில் இயங்கும் நூலகம் என்ற ஆவணகம் இத்தகைய மலர்களைத் தேடித் திரட்டி வைத்திருக்கிறது. அவற்றை வரிசையாகப் படிப்பவர்கள், ஒரு சமுதாயம் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ள விரும்பும் கதை எது என்பதை எளிதிற் காணலாம்.

அக்கதைகளுள் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது கமக்காரனின் கதை. கோப்பாய், நீர்வேலி, இருபாலை, உரும்பிராய் போன்ற செம்மண் ஊர்களிலே பிறந்து, மனைவி மக்களோடு வன்னிக்குச் சென்று, காடு வெட்டிக் கழனி கண்ட முன்னோடியின் கதை. இக்கதை சொல்லப்படும் முறைக்கு ஓர் அச்சு உண்டு. அவர் எளிய குடும்பத்திற் பிறந்தார், இளமையில் ஊரை விட்டுப் புறப்பட்டார், யானையும் கரடியும் பாம்பும் உலவிய ஆளில்லாக் காட்டைத் தனியொருவராய் நின்று வெட்டினார், மலேரியாவை வென்றார், நெல் விளைவித்தார், பிள்ளைகளைப் படிப்பித்து உத்தியோகத்தில் இருத்தினார், கோயிற் றிருப்பணிக்கு வாரி வழங்கினார், நிறைவோடு கண் மூடினார். பெயரும் திகதியும் மாறுமேயன்றி அச்சு மாறுவதில்லை.

இவ்வரலாறு பொய்யென்று நாம் சொல்லவில்லை. யானை இருந்தது. மலேரியா இருந்தது. அந்த மனிதர் உழைத்தார் என்பதில் ஐயமே இல்லை. அவரது உழைப்பைக் குறைத்து மதிப்பது நமது நோக்கமும் அன்று. நமது கேள்வி வேறு. அவர் ஏன் போனார்? யாருடன் போனார்? யார் கொடுத்த நிலத்தில், யார் கட்டிய குளத்து நீரில், எவர் எவருடைய கைகளோடு சேர்ந்து அந்தக் கழனி உருவாயிற்று? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாத வாழ்க்கை வரலாறு, மனிதனைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, அவனை அவனது காலத்திலிருந்து பிரித்தெடுத்துவிடுகிறது. கல்வெட்டு மாத்திரம் இவ்வாறு செய்யவில்லை. நமது நாவல்களும் ஓரளவுக்கு இதே வழியிற் சென்றிருக்கின்றன. ஆகவேதான் இதனை ஓர் இலக்கியப் பிரச்சினையாகக் கருதுகிறோம்.

முதலில் கோப்பாயிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், சில மைல் தூரத்திலே உள்ள இந்தக் கிராமத்தை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். அங்குள்ள ஆசிரிய கலாசாலையிற் பயின்று வெளியேறியவர்கள் நாடெங்கும் படிப்பித்திருக்கிறார்கள். வீதியின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; கல்லின் இடுக்கிலே நன்னீர். புகையிலை, வெங்காயம், மிளகாய், மரவள்ளி யாவும் அந்தக் கிணற்று நீரிலேயே விளைந்தன. ஒருவன் துலா மிதிக்க, ஒருவன் பட்டை பிடிக்க, ஒருவன் தண்ணீர் மாற, விடியுமுன்னரே தோட்டம் விழித்துக்கொள்ளும். இயந்திரம் வருவதற்கு முந்திய இந்தக் காட்சியை நம் கவிஞர்கள் போதிய அளவுக்குப் பாடிவிட்டார்கள். அவர்கள் பாடாமல் விட்டது கணக்கு.

தோட்டக் கணக்கில் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்பிலே அளப்பது வெறும் வழக்கமன்று. ஏக்கரில் அளப்பதற்குப் பலரிடம் நிலம் இருந்ததில்லை என்பதே உண்மை. தகப்பனுக்கு இருந்த 10 பரப்பு, நான்கு பிள்ளைகளுக்குப் பிரியும்போது என்னவாகும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். கிணறும் பங்காகிவிடும்; இன்ன முறையில் இத்தனை பங்கு நீர் என்று உறுதியில் எழுதிவைப்பார்கள். இதற்கு மேலே சீதனம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, பெண்மக்களுக்குச் சீதனமும் ஆண்மக்களுக்கு முதுசமும் உரியன என்று வகுத்தது. நடைமுறையில் சகோதரிகளைக் கரையேற்றிய பின் மிஞ்சுவதே ஆண்மகனுக்கு முதுசம். வீடும் நல்ல காணியும் சகோதரிகளோடு போன பின்னர், கையிலே மண்வெட்டியும் தலையிலே கடனுமாக நின்ற இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களிற் சிலர் அரசாங்க உத்தியோகம் தேடினர். சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். படிப்பும் பணமும் இல்லாதவர்கள் வன்னியைப் பார்த்தனர்.

நிலமே இல்லாத, கிணற்றுக் கட்டில் ஏறி நீர் அள்ளவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களும் அதே ஊர்களில் இருந்தனர். முன்னவர் பரப்புக் குறைந்ததைப்பற்றிக் கவலைப்பட்டபோது, இவர்கள் குடிக்கும் தண்ணீருக்காகக் கிணற்றடியிற் கையேந்தி நின்றனர். கே. டானியல் தமது 'தண்ணீர்' நாவலுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டது இந்தக் கொடுமையையே. குடாநாட்டின் நில நெருக்கடி என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போவோர், அந்த நெருக்கடி எல்லோரையும் ஒரேவிதமாக நெருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, போன இடத்தைப் பார்ப்போம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கிற்று. காணி அபிவிருத்திச் சட்டம் 1935இல் வந்தது. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்தோடு, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. காணிக் கச்சேரி கூடும். விண்ணப்பித்தவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், சொந்தமாகக் காணி உண்டா, கமத்தொழில் தெரியுமா என்று உத்தியோகத்தர் கேட்பார். தெரிவு செய்யப்பட்டவருக்கு அனுமதிப் பத்திரம் கிடைக்கும். நாட்டின் பெருங் குடியேற்றத் திட்டங்களில் 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுப்பது ஆரம்ப கால முறை. 1950களில் அது 3 ஏக்கர், 2 ஏக்கர் எனக் குறைக்கப்பட்டது. 8 ஏக்கர் என்றால் 128 பரப்பு. இரண்டு பரப்பும் மூன்று பரப்புமாகக் கணக்குப் பார்த்துப் பழகிய கோப்பாய்த் தோட்டக்காரனின் காதிலே அந்த எண் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் பலர் அரைமனத்தோடுதான் போயினர். விதைப்புக்குப் போய், வாடி கட்டித் தங்கி, அறுவடை முடிந்ததும் நெல்லோடு ஊருக்குத் திரும்புவது அவர்கள் வழக்கம். குடும்பம் குடாநாட்டிலேயே இருந்தது. மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு கைதடி, சாவகச்சேரி, ஆனையிறவு கடந்து, பரந்தனுக்கு அப்பால் போய் நிலையாகக் குடியிருப்பதென்பது வேறு விடயம். அங்கே பள்ளிக்கூடம் இல்லை, வைத்தியசாலை தூரத்தில், குடிக்கும் கிணற்றை முதலில் வெட்ட வேண்டும், நுளம்பு இரவைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். 1946 அளவில் டி. டி. ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னரே மலேரியாவின் பிடி தளர்ந்தது. அதற்கு முன்னர் குழந்தைகளோடு போனவர்கள் எதைப் பணயம் வைத்துப் போனார்கள் என்பதை நாம் இலகுவில் மறந்துவிடுதல் கூடாது.

இப்பொழுது கல்வெட்டின் கதையைத் திரும்பவும் பாருங்கள். தனியொருவராய் நின்றார் என்று அது கூறுகிறது. குளம் கட்டியவர்கள் கூலிக்கு மண் சுமந்த ஆயிரக்கணக்கானோர். காணி தந்தது அரசு. காய்ச்சலை ஒழித்தது பொதுச் சுகாதாரம். விளைபொருளுக்கு விலை தந்ததும் பல சமயங்களில் அரசின் கொள்கையே. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு முதலிய இடங்களிலே குடியேறியிருந்த இளைஞர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977இற்குப் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அதே கைகள், அதே மண், அதே வியர்வை இருந்தும் விலை சரிந்தது. ஒருவன் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் அவனது மன உறுதி ஒன்றே காரணமென்று எழுதுவது, அவன் தோற்றபோது அவனையே குற்றவாளியாக்குவதில் முடியும்.

இந்த முன்னோடிக் கதை நம்முடைய தனிச்சொத்தன்று. உலகத்தில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் அமெரிக்கா. நம்மவன் தெற்கு நோக்கிப் போனான். அவர்களுடைய கமக்காரன் குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் போனான். 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 ஏக்கர் வழங்கிற்று; ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தம். அந்த வாழ்க்கையைச் சிறுவர்களுக்காக எழுதிப் புகழ்பெற்றவர் லோறா இங்கல்ஸ் வைல்டர். கன்சாஸ் புல்வெளியில் குடியேறிய தம் குடும்பத்தின் கதையை அவர் 1935இல் வெளியிட்டார். நாம் காணி அபிவிருத்திச் சட்டம் பெற்ற அதே ஆண்டு அது. அந்நூலின் தொடக்கத்தில், அந்த நிலத்திலே மனிதர்கள் இல்லை, செவ்விந்தியர் மாத்திரமே வாழ்ந்தனர் என்ற கருத்துப்பட ஓரிடம் இருந்தது. செவ்விந்தியர் மனிதர் அல்லரோ என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பின்னர், 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்ற சொல் நீக்கப்பட்டுக் 'குடியேறியோர்' என்ற சொல் இடப்பட்டது. உண்மையில் அது ஓசேஜ் மக்களின் நிலம். 2018இல் அமெரிக்க நூலகர்கள் வைல்டரின் பெயரிலிருந்த விருதுக்கே வேறு பெயர் சூட்டினார்கள். ஒரு சொல் மாறுவதற்குப் பதினெட்டு ஆண்டும், அச்சொல்லின் பொருளைச் சமுதாயம் உணர்வதற்கு அதனினும் நெடுங்காலமும் சென்றன.

அதே நாட்டில் வேறுவிதமாக எழுதியவரும் உண்டு. ஹம்லின் கார்லண்ட் என்பவர் 1891இல் வெளியிட்ட கதைத்தொகுதியில், குத்தகைக்கு எடுத்த பாழ்நிலத்தை மனைவி மக்களோடு சேர்ந்து திருத்தி வளமாக்கிய ஒரு கமக்காரன் வருகிறான். நிலத்தை வாங்க அவன் முன்வரும்போது, அவனுடைய உழைப்பாலேயே உயர்ந்த மதிப்பைக் காட்டி, நிலச்சொந்தக்காரன் அவனிடம் இருமடங்கு விலை கேட்கிறான். கார்லண்டும் கமக்காரனின் உழைப்பைத்தான் போற்றினார். ஆனால் அந்த உழைப்பின் பயன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் அவர் எழுதினார். முன்னோடியின் வாழ்க்கையை எழுதுவதில் இருக்கும் இருவேறு வழிகளை இவ்விருவரும் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றனர்.

நம் நாவலாசிரியர்கள் எந்த வழியைத் தேர்ந்தனர்? மூன்று படைப்புகளை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

அ. பாலமனோகரன் 1973இல் வெளியிட்ட 'நிலக்கிளி' வன்னி மண்ணிற் பிறந்தவர் எழுதிய வன்னி நாவல். தண்ணிமுறிப்பு என்னும் கிராமம் அதன் களம். கதிராமனும் பதஞ்சலியும் தந்தையின் வீட்டை விட்டுப் பிரிந்து காட்டோரத்தில் தமக்கென ஒரு வாழ்வைத் தொடங்குகிறார்கள். இந்நாவலில் காடு வெல்லப்படவேண்டிய பகையாக வரவில்லை. அது உணவும் ஒளிவிடமும் தரும் உறவாக வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போகும் நம் வாசகன், ஆளில்லாக் காடு என்று தான் கேட்டுவந்த இடத்திலே மனிதர்கள் ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை இந்நாவலில் கண்டு திகைக்க வேண்டும். சிறு குளங்களை நம்பி வாழ்ந்த பழைய வன்னிக் கிராமங்களை ஆங்கில அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இலேயே தமது கைந்நூலிற் பதிவு செய்திருந்தார். அதிகாரியின் ஏட்டில் ஊர்ப்பெயராக மாத்திரம் இருந்தவர்களைப் பாலமனோகரன் உயிருள்ள மனிதர்களாக்கினார். இந்நாவலின் முதன்மையான சாதனை இதுவென்றே நாம் கருதுகிறோம். எனினும் அந்த வாழ்வின் பொருளாதாரத்தை நாவல் நெடுந்தூரம் தொடரவில்லை. காதலும் குற்றவுணர்வும் கதையின் முழுக் கவனத்தையும் இழுத்துக்கொண்டன.

செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வந்தது. நிருவாக உத்தியோகத்தராகப் பணியாற்றியவர், தாம் இருந்த நாற்காலியின் மறுபக்கத்தை எழுதினார் என்பது இதன் சிறப்பு. குடியேற்றக் கிராமத்து ஏழைக் கமக்காரர்களை உத்தியோகத்தரும், வணிகரும், ஊர்ப் பெரும்புள்ளிகளும் சேர்ந்து சுரண்டும் விதத்தை அவர் ஒளிவுமறைவின்றிக் காட்டினார். அனுமதிப் பத்திரம் ஏழைக்கு வாழ்வு தரும் ஏடாக இருப்பதோடு, அவனைப் பிறர் கைக்குள் வைத்திருக்கும் கயிறாகவும் மாறக்கூடும் என்பதை ஈழத்துத் தமிழ் நாவல் தெளிவாகக் கண்ட இடம் இது. கார்லண்ட் நின்ற பக்கத்தில் நம்மவருள் ஒருவர் வந்து நின்றார் என்று மகிழலாம். ஆனால் தீயவர் சிலர் நீங்கினால் திட்டம் நல்லதே என்ற எண்ணத்தோடு வாசகன் நூலை மூடிவிடவும் இடமிருக்கிறது. ஒழுங்கற்ற உத்தியோகத்தனைப்பற்றிய சினம், காணி உறவுகளைப்பற்றிய சிந்தனையாக வளர வேண்டும்.

மூன்றாவது, பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி 2004இல் வெளியிட்ட 'பச்சை வயல் கனவு'. இது நமது பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது. குடாநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து காட்டைக் கழனியாக்கியவர்களின் வாழ்க்கையை, அந்தக் கழனியின் வரம்பிலே வளர்ந்த ஒருவர் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் வியப்பு இதில் இல்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் ஒரு குடும்பம் எதை எண்ணிக் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கல்வெட்டிலே 'அன்பு மனைவி' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் பெண், இவரது எழுத்துலகில் உழைப்பாளியாக நிமிர்ந்து நிற்கிறாள். ஈழத்து நாவலில் வன்னிக் கமக்காரக் குடும்பத்துக்கு இத்துணைப் பரிவோடு இடம் தந்த படைப்புகள் குறைவு.

இம்மூவரும் செய்த பணியை நன்றியோடு ஏற்றுக்கொண்டே, இன்னும் எழுதப்படாதவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை இரண்டு.

ஒன்று, பெண்ணும் காணியும். கோப்பாயில் ஒரு பெண்ணுக்குச் சீதனக் காணி அவள் பெயரிலேயே இருந்தது. அதனை ஆளும் உரிமையில் கணவனின் சம்மதம் என்ற கட்டு இருந்தாலும், உறுதியில் அவள் பெயர் இருந்தது. அவள் அந்தக் காணியை விற்றோ ஈடுவைத்தோ கணவனோடு வன்னிக்குப் போனாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த அனுமதிப் பத்திரம் வழக்கமாகக் கணவன் பெயரில் எழுதப்பட்டது. அவன் யாரையும் பின்னுரித்தாளியாக நியமியாது இறந்தால், அவளுக்கு ஆயுள்வரைக்குமே உரிமை. மறுமணம் செய்தால் அதுவும் போகும். அவளுக்குப் பின்னர் யாருக்கு என்பதில், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்மக்களை முன்னும் பெண்மக்களைப் பின்னுமாக நிறுத்தி, மூத்தவருக்கு முதலிடம் தந்தது. காணி துண்டாகக் கூடாது என்பது சட்டத்தின் நியாயம். அந்த நியாயத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்மக்கள். இந்த வேறுபாட்டை நீக்கிய திருத்தம் 2022இல்தான் நிறைவேறிற்று. அதாவது, ஆனையிறவைக் கடந்தபோது ஆணுக்கு 128 பரப்புக் கிடைத்தது. பெண்ணோ தன் பெயரிலிருந்த சில பரப்பையும் இழந்தாள். இத்துணை பெரிய நாடகம் நம் எழுத்தாளர்களின் கண்முன்னே எண்பது ஆண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. இதனை மையமாகக் கொண்டு ஒரு பெருநாவல் ஏன் இன்னும் எழவில்லை?

இரண்டாவது, கூலிக்கு வெட்டியவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி பெறும் வழியும் அடைபட்டது. 1958இலும், 1977இலும், 1983இலும் இனக்கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு ஓடிவந்த அம்மக்கள், முன்னோடிக் கமக்காரரின் வயல்களிலே கூலிகளாயினர். காடு வெட்டினர், கட்டை பிடுங்கினர், வரம்பு கட்டினர், நாற்று நட்டனர். அவர்களைக் குடியமர்த்த முயன்ற காந்தியம் இயக்கத்தின் டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். இந்த மக்கள் வெட்டிய காட்டுக்கு அவர்கள் பெயரில் கல்வெட்டு இல்லை. அவர்களைச் சுட்ட நம்மவர் வழங்கிய இழிசொல்லை இங்கு எழுத மனம் ஒப்பவில்லை. கேட்டறியாத வாசகர் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது. நம் நாவல்களில் அவர்கள் வருகிறார்கள், இரக்கத்தோடும் வருகிறார்கள். ஆனால் கதையின் மைய இடம் காணிக்காரக் குடும்பத்துக்கே உரியதாயிற்று. முன்னோடி என்ற சொல்லுக்கு நெற்றி வியர்வைதான் இலக்கணம் என்றால், அச்சொல் முதலில் இவர்களுக்கே உரியது.

இதையெல்லாம் இப்பொழுது கிளறுவானேன் என்று நண்பர் சிலர் கேட்கலாம். போரினால் எல்லாம் இழந்த ஒரு மக்களின் பெருமைக் கதையிலே குறை காண்பது தகுமா என்றும் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. விடை சொல்லியாக வேண்டும்.

முன்னோடியின் கதை வெறும் கதையாக இருந்ததில்லை. அது எப்போதும் காணி உறுதியின் வேலையைச் செய்து வந்திருக்கிறது. இது பாழ்நிலம், நாமே வந்து வெட்டினோம், ஆகவே இது நமது என்பதே அதன் வாதம். கல்லோயாவில் 1949 முதல் அரசு நடத்திய குடியேற்றங்கள் இந்த வாதத்தைத்தான் பேசின. அதனை எதிர்த்தே தமிழர் தலைவர்கள் 1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்திலே, குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குக் கேட்டுப் பெற்றனர். அந்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் மணலாற்றுப் பகுதித் தமிழ்க் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அக்கிராமங்களுள் ஒன்றாகத் தண்ணிமுறிப்பும் இருந்தது. நிலக்கிளியின் மண் அது. பாலமனோகரன் உயிர்கொடுத்துக் காட்டிய மனிதர்கள் வாழ்ந்த இடத்தை, ஆளில்லா இடமாக ஆக்கினார்கள். பாழ்நிலம் என்ற சொல் எவ்வளவு கூரிய ஆயுதம் என்பதை நாம் நம் உடம்பிலேயே உணர்ந்திருக்கிறோம். அவ்வாறு உணர்ந்த நாம், அதே சொல்லை நம் கல்வெட்டுகளில் கூச்சமின்றி எழுதுவது முறையாகாது.

இன்னுமொன்று. 1995 அக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. வன்னிக்குப் போனவர்களைப் பின்தங்கிய இடத்துக்குப் போனவர்களாக எண்ணிவந்த செம்மண் ஊர்களின் மக்களும், தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். முன்னோடிகளின் வீட்டுத் திண்ணைகளும், கூலிக் குடும்பங்களின் குடிசைகளும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. பின்னர் 2009இல் கிளிநொச்சி முழுதும் பெயர்ந்து கிழக்கு நோக்கி ஓடி, முள்ளிவாய்க்காலிலே முடிந்தது. மீண்டு வந்தவர்களிற் பலரிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. பத்திரத்தில் பெயருள்ளவர் உயிரோடு இல்லை. குடும்பத்தின் தலைவியாக நிற்பவளின் பெயரோ எந்தப் பத்திரத்திலும் இல்லை. தலைமுறையாக அங்கேயே உழைத்த கூலிக் குடும்பம், தான் எந்தக் காணிக்கு உரியது என்பதை எதைக்கொண்டு நிரூபிக்கும்? இந்த நிலையில், காட்டை வெட்டியவர் யார் என்ற கேள்வி பழங்கதை ஆராய்ச்சியன்று. கச்சேரியில் வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் இன்றைய கேள்வி அது. முன்னோடி என்று நாம் யாரை எழுதிவைத்திருக்கிறோமோ, அவருடைய உரிமையே முதலில் கண்ணுக்குத் தெரியும். எழுதப்படாதவர்களின் உரிமை தெரியாமற் போகும்.

லெனாட் வுல்ப் என்ற ஆங்கிலேயர் 1905 முதல் யாழ்ப்பாணத்திலும், பின்னர் அம்பாந்தோட்டையிலும் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். தென்னிலங்கைக் காட்டுக் கிராமமொன்று அழிந்துபோவதை அவர் 1913இல் நாவலாக எழுதினார். அக்கிராமத்தை அழித்தது காடு மாத்திரமன்று. கடன்காரனும், ஊர்த்தலைவனும், விளங்காத மொழியில் நடந்த நீதிமன்றமும் சேர்ந்தே அழித்தன என்பதை, ஆட்சியின் அங்கமாயிருந்த அவரே கண்டு எழுதினார். அந்நியராகிய ஓர் அதிகாரிக்கு இயன்றது, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இயலாதா?

ஆகவே நாம் எழுத்தாளர்களை மாத்திரம் நோக்கி இதனைச் சொல்லவில்லை. கல்வெட்டு எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள். அதனை அச்சுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் படித்த இளைஞர்கள். அடுத்த முறை ஒரு கமக்காரரின் வரலாற்றை எழுத உட்காரும்போது, அவர் வீட்டிலுள்ள முதியவளைச் சற்று நேரம் கேளுங்கள். போகும்போது கையிலிருந்த பணம் எந்தக் காணியை விற்றது? பத்திரம் யார் பெயரில் வந்தது? முதல் மாரியில் காய்ச்சலுக்குப் பலியான குழந்தையின் பெயர் என்ன? மரம் தறிக்கக் கூட நின்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள். இப்பொழுது எங்கே இருக்கிறார்கள்? குளத்தங்கரையில் முன்னரே இருந்த வீடுகள் யாருடையவை? இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை எழுதினால் மலர் நான்கு பக்கம் நீளும். செலவு சற்றுக் கூடும். இறந்தவரின் பெருமை ஓர் அணுவும் குறையாது. அவருடன் சேர்ந்து உழைத்தும் பெயரின்றிப் போனவர்கள், அந்த நான்கு பக்கங்களிலாவது தமக்குரிய இடத்தைப் பெறுவார்கள். நாளை ஒரு நாவலாசிரியன் அந்த மலரைத் திறக்கும்போது, தன் கதைக்கு வேண்டிய மனிதர் அனைவரும் அங்கே இருப்பதைக் காண்பான்.